கோடையில் பந்தய ஓட்டம், குளிர்காலத்தில் ஃபுட்பால்: டக் நிக்கல்ஸின் கதை

கேள்வி இது: "ஆஸ்திரேலியாவில் அந்தக் காலத்தில் பணத்துக்காக ஓடிய ஓட்டக்காரர்களே ஃபுட்பாலும் ஆடினார்களாமே? இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சமாளித்தார்? அதில் பிழைக்க முடிந்ததா? அப்படி வாழ்ந்த ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?"

சொல்லலாம். அப்படி வாழ்ந்தவர்கள் பலர். ஒருவரைத்தான் எடுக்க வேண்டும் என்றால் டக் நிக்கல்ஸை எடுப்பேன். அவரைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது சர் பட்டம் பெற்ற முதல் ஆஸ்திரேலியப் பூர்வகுடி, ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் என்ற செய்திகள்தான். அங்கிருந்து ஆரம்பித்தால் கதை கோணலாகிவிடும். அவர் முதலில் ஒரு கூலித் தொழிலாளி. காலில் வேகம் இருந்தது, அதை வைத்துச் சாப்பிட்டார். அந்த வேகத்தால் கிடைத்த பேரைப் பிறகு ஆயுள் முழுக்கத் தன் ஜனங்களுக்காகச் செலவழித்தார். இந்த வரிசையில் பார்த்தால்தான் பட்டத்துக்கும் பதவிக்கும் அர்த்தம் வரும்.

பிறந்தது 1906 டிசம்பர் 9. ஊர் கமராகஞ்சா. மர்ரே ஆற்றங்கரையில், நியூ சவுத் வேல்ஸ் பக்கம் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் விக்டோரியா மாநிலம். யோர்ட்டா யோர்ட்டா மக்கள் வாழ்ந்த ஒதுக்கீட்டுக் குடியிருப்பு அது. ஊர் என்று நான் சொன்னாலும், அரசு நியமித்த மேலாளர் ஒருவர் கையில்தான் எல்லாம். யார் உள்ளே இருக்கலாம், யார் வெளியேற வேண்டும், யாருக்கு எவ்வளவு ரேஷன் என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானிப்பார். அதற்கு முந்தைய தலைமுறை அங்கே காடு திருத்திப் பயிர் வைத்திருந்தது. குடும்பங்களுக்கென்று கொடுக்கப்பட்ட அந்த நிலத்துண்டுகளை நிர்வாகம் பிறகு திரும்பப் பிடுங்கிக்கொண்டது. நிக்கல்ஸ் வளர்ந்தது அந்தக் கசப்பு ஆறாத காலத்தில்.

இங்கே ஒரு சின்ன விலகல், தமிழ் வாசகர்களுக்குப் பிடிக்கும். கமராகஞ்சாவின் பள்ளி ஆசிரியர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். 1859-இல் மொரிஷியஸில் பிறந்தவர், இந்திய வம்சாவளி. தமிழர் என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். 1881 வாக்கில் பக்கத்து மலோகா மிஷனில் பாடம் சொல்லித் தர ஆரம்பித்து, ஜனங்கள் அங்கிருந்து கமராகஞ்சாவுக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே வந்து, 1922 வரை அங்கேயே இருந்தவர். யோர்ட்டா யோர்ட்டா குடும்பத்திலேயே பெண் எடுத்துக்கொண்டார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று அரசு நினைத்த காலத்தில், மனு எழுதவும் மேடையில் பேசவும் கற்றுக் கொடுத்தவர் இவர். பெரியவர்களுக்கும் பாடம் நடத்தினார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பூர்வகுடி உரிமைக்காகக் குரல் கொடுத்த முக்கியமானவர்களில் பலர் இவரிடம் படித்தவர்கள்தான். வில்லியம் கூப்பர் அதில் ஒருவர், நிக்கல்ஸ் இன்னொருவர். கூப்பரின் சகோதரியைத்தான் ஜேம்ஸ் மணந்திருந்தார். கூப்பர் நிக்கல்ஸுக்குத் தாத்தா முறை. இந்தக் குடும்பச் சங்கிலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிக்கல்ஸுக்கு எட்டு வயது இருக்கும்போது போலீஸ் வந்து அவருடைய அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது. அக்காவுக்குப் பதினாறு வயது. கூட்டமண்ட்ராவில் பூர்வகுடிப் பெண்பிள்ளைகளை வீட்டுவேலைக்குப் பழக்கும் விடுதி இருந்தது, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமல் பிள்ளைகளைப் பிரிக்கலாம் என்று சட்டமே இடம் கொடுத்த காலம் அது.

பதினாலு வயதுக்குள் பள்ளி முடிந்தது. அடுத்து ஆட்டுப் பண்ணை வேலை. மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் அவருக்குக் கிடைத்தது தார்ப் பையன் வேலை. கத்தரிப்பவர் வேகமாக வேலை செய்யும்போது கத்தி ஆட்டின் தோலைக் கிழித்துவிடும். உடனே அவர் குரல் கொடுப்பார். பையன் தார் டப்பாவோடு ஓடிவந்து காயத்தில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். அந்தப் பக்கம் ஒரு குரல், இந்தப் பக்கம் ஒரு குரல் என்று நாள் முழுக்க ஓட்டம்தான். அவருடைய வேகம் அங்கேதான் வந்தது என்று கதை கட்ட மாட்டேன். கமராகஞ்சாவில் ஓட்டக்காரர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் எப்போதுமே பஞ்சம் இருந்ததில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஆஸ்திரேலிய ஃபுட்பால் நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிய நீள்வட்டத் திடல், பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், கையால் குத்தியும் கொடுக்கலாம். இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 6 புள்ளி, அதற்கு வெளியே இருக்கும் சின்னக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. எதிராளியின் தோள்மேல் ஏறித் தாவிக்கூடப் பந்தைப் பிடிக்கலாம். நிக்கல்ஸின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இந்த ஆட்டத்துக்கு அது மிகவும் குள்ளம். அதனால் அவர் ஆடியது விங் என்ற இடத்தில். திடலின் ஓரத்தை ஒட்டி, தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவே மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடம். வேகம் இருப்பவனுக்கு அங்கே உயரம் அவ்வளவு முக்கியமில்லை. அதோடு, குள்ளமாக இருந்தாலும் நன்றாக எம்பிக் குதிப்பார்.

உள்ளூர் அணிகளில் ஆடிப் பேர் வாங்கிய பிறகு மெல்போர்னுக்குப் போனார். பெரிய லீகில் இருந்த கார்ல்டன் அணியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே நடந்ததை அவர் வாழ்க்கையை எழுதிய பலரும் குறித்திருக்கிறார்கள். கறுப்பன் என்பதால் உடம்பைப் பிடித்துவிட உதவியாளர் மறுத்தார். உடன் ஆடுபவர்கள் அவர்மேல் நாற்றம் அடிக்கிறது என்றார்கள். இடம் கிடைக்கவில்லை. 1927-இல் நார்த்கோட் அணிக்குப் போனார். அது வி.எஃப்.ஏ. என்ற இன்னொரு சங்கத்தைச் சேர்ந்த அணி. அந்தஸ்தில் ஒரு படி கீழே என்றாலும் கூட்டம் நிறைய வரும், ஆட்டமும் சோடை போகாது. 1929-இல் நார்த்கோட் கோப்பை வென்றபோது நிக்கல்ஸ் அந்த அணியின் விங் ஆட்டக்காரர், ரசிகர்களின் செல்லம்.

அதே 1929-இல்தான் ஓட்டத்திலும் அவர் பேர் வெளியே வந்தது. நையா, வாரக்னபீல் என்ற இரண்டு ஊர்களிலும் 'கிஃப்ட்' ஓட்டத்தை வென்றார். இந்த கிஃப்ட் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், கேள்வியின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது.

விக்டோரியாவின் சிற்றூர்களில் ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடக்கும். அதில் முக்கியமான குறுந்தூர ஓட்டத்துக்குத்தான் அந்த ஊர்ப் பேரைச் சேர்த்து கிஃப்ட் என்று பேர். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ஸ்டாவெல் கிஃப்ட். தங்கச் சுரங்க ஊரான ஸ்டாவெலில் 1878 முதல் ஈஸ்டர் சமயத்தில் நடக்கிறது. அப்போது 130 கஜம், இப்போது 120 மீட்டர், புல்தரையில். பரிசு ரொக்கம். ரொக்கம் வாங்கினால் ஒலிம்பிக் பக்கம் தலை வைக்க முடியாது, ஏனென்றால் அமெச்சூர் சங்கங்கள் காசு வாங்கியவனைச் சேர்த்துக்கொள்ளாது. கூலிக்காரன், சுரங்கத் தொழிலாளி, பூர்வகுடி ஆகியோருக்கு ஒலிம்பிக் எட்டாக்கனி, கிஃப்ட் கைக்கெட்டிய கனி.

இந்த ஓட்டத்தின் விசேஷம் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓட மாட்டார்கள் என்பது. ஹேண்டிகேப்பர் என்று ஒருவர் இருப்பார். ஒவ்வொருவரும் முன்பு எப்படி ஓடினார்கள் என்று பார்த்து, இவனுக்கு இத்தனை கஜம் சலுகை, அவனுக்கு இத்தனை கஜம் என்று முடிவு செய்வார். மெதுவாக ஓடுபவன் பல கஜம் முன்னால் நிற்பான். வேகமானவன் பின்னால் நின்று எல்லாரையும் துரத்த வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் கடைசிக் கோட்டில் ஆறு பேரும் மார்போடு மார்பாக வருவார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்காக நிறம் வேறு வைத்திருக்கிறார்கள்: ஆகப் பின்னால் நிற்பவருக்குச் சிவப்புப் பனியன், அடுத்து வெள்ளை, நீலம், மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு. துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஓடிவிட்டால் தண்டனையாக இன்னும் ஒரு கஜம் பின்னால் தள்ளி நிறுத்துவார்கள்.

இப்போது சூதாட்டத்துக்கு வாருங்கள். திடலிலேயே புக்கிகள் இருப்பார்கள், பந்தயம் கட்டலாம். பரிசுத் தொகையைவிடப் பந்தயத்தில் கிடைக்கும் தொகை பெரிது. அதனால் ஓட்டக்காரர் தனியாள் இல்லை. ஒரு பயிற்சியாளர், பணம் போடுகிற இரண்டு மூன்று பேர், உடம்பு பிடித்துவிட ஓர் ஆள் என்று ஒரு குழு இருக்கும். பெரிய ஓட்டத்தில் நல்ல சலுகை கிடைக்க வேண்டும் என்றால் சின்ன ஓட்டங்களில் முழு வேகத்தைக் காட்டக்கூடாது. வேண்டுமென்றே தோற்பவர்களும் உண்டு. ஹேண்டிகேப்பர் கண்டுபிடித்தால் தடைதான். எவ்வளவு வேகத்தைக் காட்டுவது, எவ்வளவை ஒளிப்பது, எந்த ஊரில் எல்லாவற்றையும் அவிழ்ப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் மூளை. ஒலிம்பிக் ஓட்டத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரிந்தே நடந்த ஆட்டம் இது. சீட்டில் கையை மறைத்து ஆடுவதைப் போலத்தான்.

பூர்வகுடிகளுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1883-இல் பாபி கின்னியர் ஸ்டாவெல் கிஃப்ட் வென்றார், அதை வென்ற முதல் பூர்வகுடி அவர். இன்று உலகமெங்கும் குறுந்தூர ஓட்டக்காரர்கள் குனிந்து கையூன்றிக் கிளம்புகிறார்களே, அந்த முறையை 1887-இல் சிட்னியிலேயே பாபி மெக்டொனால்ட் என்ற இன்னொரு பூர்வகுடி கையாண்டார் என்று சொல்வார்கள். அதற்கு அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமை: துப்பாக்கி வெடிக்கக் காத்திருக்கும்போது குளிர்காற்று அடிக்கும், குனிந்தால் உடம்பில் படாது. அப்புறம் லின்ச் கூப்பர். வில்லியம் கூப்பரின் மகன், நிக்கல்ஸுக்குச் சொந்தக்காரர். 1928-இல் ஸ்டாவெல் கிஃப்ட் வென்றார், அடுத்த ஆண்டே தொழில்முறை ஓட்டத்தின் உலகப் பட்டத்தையும் வென்றார். ஆக, நிக்கல்ஸ் நையாவிலும் வாரக்னபீலிலும் ஜெயித்தபோது அந்தக் குடும்பத்துக்கு அது ஒன்றும் புது விஷயமில்லை.

ஜெயித்த பிறகு நிக்கல்ஸின் நிலை மாறியது. கிஃப்ட் ஓட்டத்தில் ஒருமுறை ஜெயித்தால் ஹேண்டிகேப்பர் உங்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார், மறுபடி ஜெயிப்பது கடினம். ஆனால் பேர் இருந்தால் கூட்டம் வரும். விழா நடத்துபவர்கள் நிக்கல்ஸுக்கு வந்து ஓடுவதற்கே பணம் கொடுத்தார்கள், தங்குமிடமும் வழிச்செலவும் சேர்த்து. ஜெயித்தாலும் தோற்றாலும் கையில் காசு. ஒரு பூர்வகுடிக்கு இப்படி மரியாதையோடு அழைப்பு வந்த இடம் அந்த நாட்டில் அப்போது வேறு எது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை.

பிழைக்க முடிந்ததா என்பது கேள்வியின் இன்னொரு பகுதி. தனியாக எதை வைத்தும் முடியாது. 1930-இல் வி.எஃப்.எல். என்ற பெரிய லீக் ஒரு விதி கொண்டுவந்தது: யாராக இருந்தாலும் ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. நட்சத்திர ஆட்டக்காரருக்கும் அதே கதிதான். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலம், வேலையில்லாதவர்கள் தெருவில் நின்றார்கள். அதனால் ஃபுட்பால் ஆடுபவர் கிளப் மூலம் ஒரு வேலை கிடைக்குமா என்று பார்ப்பார். கோடையில் ஓட்டம், குளிர்காலத்தில் ஃபுட்பால், இடையில் கையில் கிடைத்த வேலை. நிக்கல்ஸின் ஆண்டு இப்படித்தான் ஓடியது.

1931-இல் அவர் இன்னொன்றும் செய்தார். ஜிம்மி ஷார்மன் என்பவரின் குத்துச்சண்டைக் கூடாரத்தில் சேர்ந்தார். ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போகும் குழு அது. கூடாரத்துக்கு வெளியே உயரமான பலகை போட்டு, அதில் சண்டைக்காரர்களை வரிசையாக நிறுத்துவார்கள். ஒருவர் முரசு அடிப்பார், இன்னொருவர் கூட்டத்தைப் பார்த்து, யாருக்குத் தைரியம் இருக்கிறது, வந்து கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சவால் விடுவார். உள்ளூர்ப் பண்ணை ஆள் யாராவது சட்டையைக் கழற்றிக்கொண்டு ஏறுவார். சொன்ன சுற்று வரை தாக்குப்பிடித்தால் அவருக்குக் காசு. டிக்கெட் வாங்கி உள்ளே வருபவர்கள் பார்ப்பது தங்கள் ஊர்க்காரன் கறுப்பனை அடிப்பானா, அடிபடுவானா என்று. பூர்வகுடி ஆண்கள் நிறையப் பேர் இந்தக் கூடாரங்களில் வேலை பார்த்தார்கள். சிலர் அதைப் பெருமையாக நினைத்தார்கள், சிலர் வேறு வழியில்லாமல் போனார்கள். ஐந்தடி இரண்டு அங்குல மனிதர் அங்கே நின்றார் என்பதை நினைக்கும்போதுதான் பிழைப்பு என்ற சொல்லின் கனம் எனக்குப் புரிகிறது.

1932-இல் பெரிய லீகில் இருந்த ஃபிட்ஸ்ராய் அவரை அழைத்தது. முதல் நாள் உடை மாற்றும் அறையில் நடந்ததைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். கார்ல்டனில் பட்டது மனதில் இருந்திருக்கும். நிக்கல்ஸ் ஒரு மூலையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஹேடன் பன்டன் எழுந்து வந்தார். அப்போது லீகிலேயே பெரிய பேர் அவர்தான். ஆகச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை முந்தைய ஆண்டு வென்றிருந்தார், பிறகு 1932-லும் 1935-லும் வென்றார். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நிக்கல்ஸைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. பன்டன் எந்த உரையும் நிகழ்த்தவில்லை, யாரையும் கண்டிக்கவில்லை. ஆகப் பெரிய ஆள் எங்கே உட்காருகிறான் என்பதைப் பார்த்தே மற்றவர்கள் நடந்துகொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஃபிட்ஸ்ராய்க்கு 1937 வரை ஆடினார், ஐம்பதுக்கும் சற்று மேற்பட்ட ஆட்டங்கள். எண்ணிக்கையில் பெரிதில்லை. ஆனால் 1935-இல் விக்டோரியா மாநில அணிக்குத் தேர்வானார், அப்படித் தேர்வான முதல் பூர்வகுடி. பெரிய லீகில் ஆடிய முதல் பூர்வகுடி என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. அதே ஃபிட்ஸ்ராய்க்கு 1904-லேயே ஜோ ஜான்சன் ஆடி, இரண்டு கோப்பைகளும் வென்றிருக்கிறார். நிக்கல்ஸின் காலத்தில் திடலின் ஓரத்திலிருந்து வசை வரும். விங்கில் ஆடுபவர் ரசிகர்களுக்கு மிக அருகில் ஓட வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம், அவர் காதில் விழாத சொல் இருந்திருக்காது.

முழங்கால்தான் கடைசியில் காலை வாரியது. 1938-இல் நார்த்கோட்டுக்குத் திரும்பினார், அடுத்த ஆண்டோடு ஆட்டத்தை விட்டார். பிறகு ஒருமுறை, 1947-இல், நார்த்கோட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார்.

இதற்கிடையே இரண்டு விஷயங்கள் நடந்திருந்தன. ஒன்று, தாயின் மறைவுக்குப் பிறகு அவர் நார்த்கோட்டில் ஒரு தேவாலயத்துக்குப் போக ஆரம்பித்தார். பிறகு போதகராகவே ஆனார். 'பாஸ்டர் டக்' என்ற பேர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. இன்னொன்று, வில்லியம் கூப்பர். கமராகஞ்சாவில் இருந்தால் முதியோர் உதவித்தொகை கிடைக்காது என்பதால் அந்தப் பெரியவர் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்கு வந்து ஒரு சின்ன வீட்டிலிருந்து மனுக்கள் எழுதிக்கொண்டிருந்தார். பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று மன்னருக்கு எழுதிய மனுவுக்கு 1,814 கையெழுத்து சேர்த்தார். ஆஸ்திரேலிய அரசு அதை லண்டனுக்கு அனுப்பவே இல்லை. இப்படி ஒரு பெரியவரிடம் எழுத்து இருந்தது, கூட்டம் இல்லை. கூட்டத்தைக் கூட்டக்கூடிய முகம் நிக்கல்ஸிடம் இருந்தது. ஃபுட்பால் பார்க்க வந்தவர்கள் அவர் பேசினால் கேட்பார்கள். 1938 ஜனவரி 26, வெள்ளையர் குடியேறி 150 ஆண்டு நிறைந்ததை நாடு கொண்டாடிய நாள். சிட்னியில் பூர்வகுடிகள் அதைத் துக்க நாளாக அனுசரித்துக் கூட்டம் போட்டார்கள். நிக்கல்ஸ் அங்கே பேசினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கமராகஞ்சா மக்கள் மேலாளரின் கொடுமை தாங்காமல் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்கு வெளியேறினார்கள். பிறந்த ஊரே காலியானது.

போர்க்காலத்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். ஆனால் மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதிப் போலீஸே அவரை விடுவிக்கச் சொல்லிக் கேட்டது. காரணம் இருந்தது. கமராகஞ்சாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த பூர்வகுடிக் குடும்பங்கள் ஃபிட்ஸ்ராயின் இடிந்த வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. குடி, சண்டை, கைது என்று தினமும் ஏதாவது நடக்கும், அவர்களிடம் பேசக்கூடிய ஆள் வேண்டும். அங்கே கோர் தெருவில் அவர் நடத்திய தேவாலயம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. ஜாமீன், வேலை, தங்க இடம், சாவுச் செலவு என்று எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அங்கே வந்தார்கள். 1942-இல் அவர் அண்ணன் விபத்தில் இறந்துபோக, அண்ணி கிளாடிஸ் மூன்று பிள்ளைகளோடு நின்றார். அதே ஆண்டு டிசம்பரில் நிக்கல்ஸ் அவரை மணந்தார். கிளாடிஸைக் கணவருக்குத் துணையாக இருந்தவர் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பூர்வகுடிப் பெண்களுக்கான விடுதியும் பழைய துணி விற்றுப் பணம் சேர்க்கும் கடையும் ஓடியது அவர் உழைப்பில்.

1957-இல் நிக்கல்ஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் வார்பர்ட்டன் மலைப்பகுதிக்குப் போனார். அங்கே பூர்வகுடிகள் பசியிலும் நோயிலும் கிடந்ததைப் படம் பிடித்துக் கொண்டுவந்து மெல்போர்னில் காட்டினார்கள். நகரத்து வெள்ளையர்கள் பலர் முதல்முறையாக அதைப் பார்த்தார்கள். அந்த அதிர்ச்சியில் விக்டோரியாவில் பூர்வகுடி முன்னேற்றக் கழகம் உருவானது. நிக்கல்ஸ் அதன் களப் பணியாளர். 1967 மே 27-இல், பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கிலிருந்து ஒதுக்கிய அரசியல் சட்டப் பிரிவை நீக்கவும், அவர்களுக்காகச் சட்டம் செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தரவும் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 90.77 சதவீதம். இதற்காக ஊர் ஊராகப் பேசியவர்களில் நிக்கல்ஸ் முக்கியமானவர்.

எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1960-களின் கடைசியில் வந்த இளைய தலைமுறைக்கு அவர் ரொம்ப மென்மையாகப் பட்டார். வெள்ளையரோடு ஒத்துப்போகிறவர், பட்டங்களை வாங்கிக்கொள்பவர் என்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கார்ல்டனில் ஒதுக்கப்பட்டு, கூடாரத்தில் குத்து வாங்கி, பன்டன் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர் வேறுவிதமான ஆயுதத்தைத்தான் கையில் எடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. தனக்குக் கதவு திறந்ததெல்லாம் எதிரே இருப்பவருக்குத் தன்னைப் பிடித்துப்போனதால்தான் என்பதை அவர் அனுபவத்தில் கண்டவர். அந்த வழி எல்லாருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. எல்லாராலும் வாரக்னபீலில் ஜெயிக்க முடியாது இல்லையா.

1972-இல் சர் பட்டம். 1976 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர், முதல்வர் டான் டன்ஸ்டன் பரிந்துரைத்து நடந்த நியமனம். அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி. சில வாரங்களிலேயே பக்கவாதம் தாக்கியது, 1977 ஏப்ரல் கடைசியில் விலகினார். 1988 ஜூன் 4-இல் காலமானார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தி, கமராகஞ்சாவிலேயே அடக்கம் செய்தார்கள். இப்போது பெரிய லீகில் ஆண்டுதோறும் நடக்கும் பூர்வகுடிச் சுற்றுக்கு 2016 முதல் அவர் பேர்தான். எல்லா அணிகளும் பூர்வகுடி ஓவியர்கள் வரைந்த சட்டை போட்டு ஆடுகிறார்கள், கார்ல்டன் உட்பட. ஃபிட்ஸ்ராய் மட்டும் தனி அணியாக இல்லை. 1996-இல் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டுவிட்டது.

கேள்வியில் மிச்சம் இருப்பது, இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சமாளித்தார் என்பது. அதற்குக் காரணம் காலண்டர்தான். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஓட்ட விழாக்கள் கோடையில் தொடங்கி ஈஸ்டரில் ஸ்டாவெலோடு உச்சத்துக்கு வரும். அன்றைக்கு ஃபுட்பால் பருவம் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் ஆரம்பிக்கும். ஓட்டத்துக்காகப் பழகிய உடம்பு அப்படியே விங்கில் ஓடப் பயன்படும், கிளப்புக்கும் சந்தோஷம். இப்போது ஃபுட்பால் பருவம் மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது, ஈஸ்டர் நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறது. ஆட்டக்காரர்கள் ஆண்டு முழுக்கச் சம்பளம் வாங்கும் முழுநேரத் தொழிலாளிகள், கோடை முழுவதும் கிளப்பின் பயிற்சியில் இருக்க வேண்டும். ஸ்டாவெல் கிஃப்ட் இன்றும் நடக்கிறது, முதல் பரிசு 40,000 ஆஸ்திரேலிய டாலர், 2015 முதல் பெண்களுக்கும் அதே தொகை. நல்ல பணம்தான். ஆனால் தன் அணியின் விங் ஆட்டக்காரர் தொடைத்தசை கிழியும் அபாயத்தோடு அங்கே போய் ஓட எந்தக் கிளப்பும் இன்று சம்மதிக்காது.